உரிமம் பெற்ற பனி

டிசம்பர் முதல் தேதியிலிருந்து குளிர்காலம் நடைமுறைக்கு வரும் என்று தாமான் கெனாரி மாஸ் குடியிருப்பாளர் சங்கத்தின் பொதுக்கூட்டம் கைதட்டி முடிவு செய்தது. அந்த நேரத்தில் மண்டபத்தின் காற்றாடிகள் எல்லாம் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. அப்படியும் தலைவர் அடைக்கப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துத்தான் தீர்மானத்தை வாசித்து முடித்தார்.

ஈப்போவுக்கு எதற்குக் குளிர்காலம் என்று கேட்பவர்கள் இந்தத் தாமானில் குடியிருந்து பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறை விட்டால் போதும், பாதி வீடுகள் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் பனி பார்க்கக் கிளம்பிவிடும். மீதிப் பாதி, அவர்கள் அனுப்பும் படங்களுக்கு "அழகோ அழகு" என்று பதில் போட்டே விரல் தேய வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான அடைக்கப்பன் போன வருஷம் கொரியாவுக்குப் போய், பனியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பட்டையோடு திரும்பியவர். பனியைக் கண்ணால் மட்டுமல்ல, இடுப்பாலும் அறிந்தவர் என்ற மரியாதை தாமானில் அவருக்கு உண்டு. "வசதி இல்லாதவங்களும் குளிர்ல நடுங்கணும்" என்று அவர் தழுதழுக்கப் பேசியபோது இரண்டு மூன்று பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

கடைசி வரிசையில் இருந்த கலாதேவி கையைத் தூக்கினாள்.

"தலைவரே, அந்தத் தூசி விஷயம்..."

"அது இதர விஷயங்கள்ல வருதும்மா. இதர விஷயங்களுக்கு நேரமில்லாம போச்சு. எல்லாரும் பசியாறிட்டுப் போங்க."

போன கூட்டத்திலும் இதேதான். அன்றைக்கு மீகூன், இன்றைக்கு நாசி லெமாக், அவ்வளவுதான் வித்தியாசம்.

கலாதேவி பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள். அவள் கணவர் பத்துமலை ஒரு காலத்தில் ஜொகூர் வரைக்கும் லாரி ஓட்டியவர். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்குபவர். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய இந்தத் தாமானுக்குப் பின்னாலேயே சுண்ணாம்பு மலை, மலையில் கல்லுடைக்கும் ஆலை. ஆலையிலிருந்து கிளம்பும் வெள்ளைத் தூசி இரவெல்லாம் சத்தமில்லாமல் இறங்கி, விடிவதற்குள் கார், செடி, கொடியில் காயும் துணி, பத்துமலையின் நெஞ்சு என்று பாகுபாடு பார்க்காமல் படிந்துவிடும். அவருக்கு இளைப்பு. மூச்சை இழுத்தால் உள்ளே விசில் ஊதும். தூக்கத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தால் கலாதேவியும் எழுந்து உட்காருவாள். வேறு எதற்காகவும் அவள் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றதில்லை. இந்த மூச்சுக்காக நின்றாள்.

அவள் மல்லுக்கு நின்ற இடத்துக்குத் தூசி-ஓசைப் பிரிவு என்று பெயர். அங்கே யுகேந்திரன் என்று ஓர் அதிகாரி. நல்ல பிள்ளை. வணக்கம் சொல்வான், உட்காரச் சொல்வான், மைலோ குடிக்கிறீர்களா என்று கேட்பான். நடவடிக்கை மட்டும் எடுக்க மாட்டான். தூசியை ஆய்வு செய்ய வருவதாக இருந்தால் ஆலைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தால் ஆலை அன்றைக்கு ஓடாது. ஓடாத ஆலையில் தூசி ஏது? "வந்து பார்த்தோம்க்கா, இல்லையே" என்று உண்மையான வருத்தத்தோடுதான் சொல்வான்.

இந்த நிலையில் குளிர்காலம் பிறந்தது. சங்கம் பினாங்கிலிருந்து ஒரு நுரை இயந்திரத்தை வாடகைக்கு வரவழைத்து, மண்டபத்து வாசலில் பனியைப் பீய்ச்சியது. பனி சோப்பு வாசனை அடித்தது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதன. பத்து மணி வெயிலில் பனி காய்ந்து, வாசல் முழுக்க வழுவழு என்று ஆகி, அடைக்கப்பன் இரண்டாவது முறையாக இடுப்பில் அடிபட்டார். கொரியாவில் விழுந்த அதே பக்கம்தான் என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், குளிர்காலம் முதல் நாளிலேயே முடிந்துவிட்டதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

அதைக் காப்பாற்றியவள் எதிர்வீட்டுப் பிரமிளா. இணையத்தில் புடவை விற்பவள். மறுநாள் காலையில், பண்டல் கடையில் கிலோ கணக்கில் வாங்கிய பழைய ஜப்பான் கோட்டை மாட்டிக்கொண்டு, தூசி படிந்து வெள்ளை வெளேரென்று நின்ற தன் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் நின்று ஒரு படம் எடுத்தாள். 'ஈப்போவில் பனி' என்று போட்டாள். மத்தியானத்துக்குள் படம் பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றிவிட்டது. சாயங்காலம் பீடோரிலிருந்து ஒரு வேன் வந்தது. மறுநாள் பாகான் செராயிலிருந்து ஒரு பஸ்.

அன்றைக்குக் காலையில் கலாதேவி வழக்கம்போல் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பிரமிளா ஓடி வந்தாள்.

"அக்கா, அக்கா, நிப்பாட்டுங்க! பனியைப் போய்க் கூட்டுறீங்களே!"

"பனியா? இது தூசி பிரமிளா. பிள்ளைக்குத் தும்மல் நிக்கலன்னு நீதானே அன்னைக்கு அழுதே?"

"அது நவம்பர்க்கா. இது டிசம்பர் லா!"

கலாதேவி குனிந்து மறுபடி கூட்டத் தொடங்கினாள். 

சங்கம் உடனே கூடியது. காலை பத்து மணிக்கு முன் பனியைக் கூட்டுவதோ, தண்ணீர் அடித்துக் கழுவுவதோ பொதுநலனுக்கு ஊறு விளைவிக்கும் செயலாகக் கருதப்படும் என்று அறிவித்தது. மழை பெய்தால் பனி உருகியதாகக் கொள்ளப்படும். வாசலுக்கு வரும் குடியிருப்பாளர்கள் கோட் அணிந்திருப்பது விரும்பத்தக்கது. மண்டபத்தில் காற்றாடி போடுவது பருவநிலைக்கு முரணானது. ஊரே உடம்பெல்லாம் வேர்க்குருவோடு, கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, "என்னா குளிரு, என்னா குளிரு" என்று விசிறிக்கொண்டு நடந்தது.

ஆலை மேனேஜருக்கு நன்றி தெரிவிக்க ஒரு குழுவும் போனது. இத்தனை பேர் கும்பலாக வருவதைப் பார்த்த மனிதர் அடி விழப்போகிறது என்று நினைத்துக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம். நயமாகப் பேசி வெளியே வரவழைத்து, பொன்னாடைக்குப் பதிலாகக் கம்பளி மஃப்ளர் போர்த்தி, ரோஜா மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். தன் தொழிலில் இப்படி ஒரு கலை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவர் கண் கலங்கினார். அன்றிரவிலிருந்து ஆலை கூடுதல் நேரம் ஓடியது.

வந்தவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது பத்துமலையைத்தான். பிரமிளா கொடுத்த ஆரஞ்சு நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அவர் நெபுலைசரில் மருந்து பிடிப்பார். முகமூடியின் ஓரத்திலிருந்து வெள்ளை ஆவி வரும். "பாருங்க, எவ்வளவு குளிர் இருந்தா வாயிலேர்ந்து இப்படிப் புகை வரும்!" என்று ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் மெய்சிலிர்த்தது. அவர் இருமினால் வீடியோ எடுத்தார்கள். இருமலுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்துக் கலாதேவி பார்த்ததில்லை. ராத்திரி ஆனால் ரசிகர்கள் போய்விடுவார்கள். விசில் மட்டும் இருக்கும். அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பாள்.

தாங்க முடியாமல் ஒரு திங்கட்கிழமை தூசி-ஓசைப் பிரிவுக்குப் போனாள்.

"அக்கா, வாங்க, வாங்க! உங்க தாமான்ல பனியாமே? என் பொண்டாட்டி போலாம் போலாம்னு உயிரை எடுக்கிறா" என்றான் யுகேந்திரன்.

"தம்பி, அது தூசி. உங்களுக்கே தெரியும்."

யுகேந்திரன் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினான். "விதிப்படி தூசின்னா, பொதுமக்கள் விரும்பாத துகள். இதைப் பொதுமக்கள் பஸ் பிடிச்சி வந்து பாக்கிறாங்க. விரும்பப்படுற துகள் எங்க பிரிவுல வராதுக்கா."

 கலாதேவிக்குக் கோபத்தில் அழுகை வரும்போல் இருந்தது. அழுகைக்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"சரி தம்பி. தூசி இல்ல, பனி. ஒத்துக்கிறேன். அந்த ஆலைக்குக் கல்லு உடைக்கத்தானே லெசென் கொடுத்தீங்க? பனி செய்ய லெசென் இருக்கா?"

யுகேந்திரனின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பாவம், அவனும் இந்த மேசையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் மைலோ மட்டுமே கலக்கிக் கொடுத்தவன். இப்போதுதான் அவன் கைக்கு ஒரு விதி வசமாகச் சிக்கியிருந்தது.

"அலாமாக்! இல்லைக்கா! உரிமமில்லாத உற்பத்தி! அதுவும் பொதுமக்கள் தலைமேலயே விநியோகம்! இதுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதே இல்லை!"

நெஞ்சில் தூசி ஏறிய குற்றத்துக்கு இத்தனை காலம் அசையாத இலாகா, லெசென் இல்லாமல் பனி பெய்த குற்றத்துக்கு மறுநாள் காலையிலேயே வந்து ஆலைக் கதவில் சீல் வைத்தது.

அந்த வாரம் கலாதேவியின் வாழ்க்கையில் வந்த நல்ல வாரம். கொடியில் காய்ந்த துணி துணி நிறத்திலேயே இருந்தது. மலை கழுவிவிட்டதுபோல் தெளிவாகத் தெரிந்தது. பத்துமலை ஓர் இரவு முழுக்க, ஒருமுறைகூட எழுந்து உட்காராமல் தூங்கினார். காலையில் கலாதேவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஆனால் தாமான் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. வேன்கள் வந்து, பச்சையாக நின்ற மரங்களைப் பார்த்து ஏமாந்து திரும்பின. பிரமிளாவின் வாசலில், வருபவர்களுக்கு விற்க வாங்கிப் போட்ட கோட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அடைக்கப்பன் ஒரு மனு தயாரித்தார். ஆலைக்குப் பனி உற்பத்தி உரிமம் வழங்க வேண்டும், ஆட்சேபம் எதுவும் இல்லை என்று தாமானின் எல்லா வீடுகளும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா வீடுகளும் போட்டன. மிச்சம் ஒரே வீடு.

அடைக்கப்பனே மனுவைக் கொண்டுவந்து கலாதேவி வீட்டு மேசையில் வைத்துவிட்டு, மரியாதையாக வெளியே போய் நின்றுகொண்டார்.

"நான் போடமாட்டேன்" என்றாள் கலாதேவி.

"கலா," என்றார் பத்துமலை. ஆரஞ்சுக் கோட் இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. "லாரிய விட்டதுலேர்ந்து இந்த வாசலுக்கு யாரு வந்தா, சொல்லு? போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு என்கிட்ட வந்து, அங்கிள், குளிருதான்னு கேட்டுச்சு. என்னைய யாராச்சும் ஒண்ணு கேட்டு எத்தனை நாளாச்சு?"

"உங்க நெஞ்சு என்னத்துக்கு ஆவறது?"

"டிசம்பர் முடிய இன்னும் ரெண்டு வாரம். அப்புறம் இவங்களே நிப்பாட்டிருவாங்க. ரெண்டு வாரம் தாங்கமாட்டேனா?"

லாரி ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்பும்போது அவர் முகத்தில் இருந்த களை இப்போது இருந்தது. அதைப் பார்த்துத் தொலைத்ததுதான் அவள் செய்த தப்பு. மனுஷனுக்கு மூச்சு மட்டும் இருந்தால் போதுமா என்று ஒரு நிமிஷம் அவளுக்கே தோன்றிவிட்டது. பத்துமலை கையெழுத்துப் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் போட்டாள். உரிமம் மூன்றே நாளில் வந்தது. ஈப்போவில் இவ்வளவு விரைவாக வந்த உரிமத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று அடைக்கப்பன் இலாகாவைப் பாராட்டி ஒரு பதாகை கட்டினார்.

ஜனவரி பிறந்தது. பள்ளி திறக்கப்போகும் நேரம். பீடோர்க்காரர்களும் பாகான் செராய்க்காரர்களும் வேறு எங்கேயோ கட்டிய கண்ணாடிப் பாலத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். சங்கத்தின் தீர்மானப்படி குளிர்காலம் முடிவுற்றது. கோட்டுகளைப் பண்டல் கடைக்காரன் போட்ட விலைக்கு எடுத்துக்கொண்டான். வெள்ளை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது, முன்னைவிடத் தாராளமாக. பிரமிளாவின் பிள்ளை மறுபடி தும்மியது. அடைக்கப்பனுக்கே தொண்டை கட்டிக்கொண்டது. பத்துமலையை ஒருமுறை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவரால் நாற்காலிவரை நடக்க முடியவில்லை.

எல்லாரும் கலாதேவி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"அக்கா, இந்தத் தூசி தாங்கல லா. நீங்கதான் போய்ப் பேசணும். உங்களுக்குத்தான் பழக்கம்" என்றாள் பிரமிளா.

கலாதேவி போனாள். யுகேந்திரன் மைலோ கலக்கிக் கொடுத்தான்.

"தூசியா? உங்க தாமான்ல தூசியே இல்லைக்கா. பனிதான் இருக்கு. எல்லா வீட்டிலயும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

"டிசம்பருக்குத்தானே தம்பி கேட்டோம்?"

"ஒரு மாசத்துக்கு லெசென் கொடுக்க ஃபாரமே இல்லைக்கா. எது கொடுத்தாலும் குறைஞ்சது அஞ்சு வருஷம். அதோட ஒரு நிபந்தனை. உரிமம் வாங்கிட்டா உற்பத்தி தடைபடக் கூடாது. நீங்க கேட்டீங்கன்னுதான் ஞாயித்துக்கிழமையும் ஓட்டச் சொல்லி நானே உத்தரவு போட்டேன்."

"என் வீட்டுக்காரருக்கு மூச்சு முடியல தம்பி."

யுகேந்திரன் உண்மையாகவே கவலைப்பட்டான். "ஸ்வெட்டர் ஏதும் போட்டு விடுங்கக்கா. பனிக்கு உடம்பு அப்படித்தான் செய்யும்" என்றான்.

அவள் திரும்பி வந்தபோது தாமான் மொத்தமும் அவள் வீட்டு வாசலில் காத்திருந்தது. உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. அடைக்கப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"குளிர்காலம் இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இருக்குமாம், தலைவரே" என்றாள் கலாதேவி.

 அடைக்கப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. பக்கத்தில் நின்ற பிரமிளா இருமினாள். அவளைத் தொடர்ந்து கூட்டம் முழுவதும் இருமியது.