மாப்பிள்ளை அழைப்பும் என் பவர் பிரேக்கும்

கார்ல பிரேக் மாத்தணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அவ்ளோதான்.

கார்னா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ரோட்டுக்கு வந்துட்ட ஒரு அம்பாசிடர். வெளியில அதைப் பாத்துட்டு "கிளாசிக் சார்!"னு சொல்லுவாங்க. வீட்ல என் பொண்டாட்டி சுகந்தி சொல்ற வார்த்தையை இங்க எழுத முடியாது.

அதோட பிரேக் ரொம்ப நிதானமான பிரேக். மிதிச்சா உடனே நிக்காது. மூணு தடவை பம்ப் பண்ணணும். எங்க கடலூர்ல, செம்மண்டலத்துல நிக்கணும்னா முந்தின ஏரியா மஞ்சக்குப்பத்துலயே மிதிக்க ஆரம்பிச்சிடணும்.

இந்த லட்சணத்துல, சுகந்தியோட தம்பி பிரபுவுக்கு சிதம்பரத்துல கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான்னு நான் வாயை விட்டுட்டேன்.

மாமனார் பதறிட்டாரு. "வேணாம் மாப்ள. வாடகைக்கு ஒரு புது வண்டி சொல்லிடலாம். முன்னாடி மேளம் போவும், பொம்பளைங்க போவாங்க. உங்க வண்டி சொன்ன எடத்துல நிக்குமா?"

சுகந்தி அதுக்கும் மேல போனா. "ஊர்வலத்துல மானம் போச்சுன்னா, கல்யாணம் முடிஞ்ச கையோட காரை வித்துடணும். சம்மதமா?"

சம்மதம்னேன். ரோஷம்!

மறுநாளே மெக்கானிக் சலீம் பாய்கிட்ட வண்டியை விட்டேன். "பிரேக்குக்கு எண்ணெயைத் தள்ளுற பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கடாசிடுவோம் சார். புது மாடல் வண்டியோட பெரிய சிலிண்டரும் பூஸ்டரும் போட்டுருவோம். சும்மா தொட்டா நிக்கும். எடம்தான் பத்தாது, கொஞ்சம் வெட்டணும்"னாரு.

கொஞ்சம்னா எவ்ளோன்னு நான் கேட்டிருக்கணும். சாயங்காலம் போய் டிரைவர் சீட்டுல உக்காந்தா, காலுக்கு எதிர்ல இருந்த தகடுல பெரிய ஓட்டை. அதுவழியா சலீம் பாய் எனக்கு டாட்டா காட்டுறாரு.

"பயப்படாதீங்க சார். இதுலதான் பூஸ்டர் உக்காரும்."

உக்காந்துச்சு. இட்லிக் குண்டான் சைஸுல ஒரு கறுப்பு டப்பா. எஞ்சின்லேர்ந்து அதுக்கு ஒரு ரப்பர் குழாய், ஓஸ். அதைப் பாக்கப் பாக்க எனக்குப் பெருமை தாங்கல. கீரப்பாளையத்துல மாமனார் வீட்டு வாசல்ல பானட்டைத் தொறந்து வச்சிக்கிட்டு கிளாஸே எடுத்தேன்.

"எஞ்சின் ஓடுறப்ப காத்தை உறிஞ்சும்ல மாமா? அந்த இழுவைதான் இந்த பூஸ்டருக்கு பலம். நாம லேசா மிதிச்சாப் போதும், மீதியை அது மிதிச்சிக்கும்."

"அப்ப எஞ்சின் நின்னுட்டா?"

"ஊர்வலத்துல எஞ்சின் ஏன் மாமா நிக்கப்போவுது?"

மனுஷன் அதோட விட்டுட்டாரு. நானும் விட்டுட்டேன்.

கல்யாணத்துக்கு மொத நாள் நானும் சுகந்தியும் வரிசைத் தட்டோட கடலூர்லேர்ந்து கெளம்பினோம். ஆலப்பாக்கம்கிட்ட ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. பழக்க தோஷத்துல பலம் கொண்ட மட்டும் மிதிச்சேன். கார் ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. தட்டுல இருந்த லட்டுங்க நிக்கல.

சுகந்தி டாஷ்போர்டுலேர்ந்து ஒவ்வொண்ணா பொறுக்கித் தொடைச்சு அடுக்கினா. ஆடு கொஞ்ச நேரம் நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போச்சு.

"பிரேக் எப்புடி?"ன்னேன்.

"ரோட்டைப் பாருங்க"ன்னா.

சாயங்காலம் பிள்ளையார் கோயில்லேர்ந்து ஊர்வலம் கெளம்புச்சு. பானட் முழுக்க பூ. பக்கத்துல பிரபு கோட்டு சூட்டு, மாலை, நெத்தியில பட்டையா சந்தனம். எனக்கு முன்னாடி நாதஸ்வரம், தவில். நான் ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துக்கிட்டே கால் கட்டை வெரலால பிரேக்கைத் தொட்டுத் தொட்டு நிறுத்துறேன். வெண்ணெய் மாதிரி நிக்குது!

பாதி தெரு தாண்டுறதுக்குள்ள நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திட்டு ஜன்னல்கிட்ட வந்தாரு.

"சார், உங்க வண்டி ஒரு சுருதியில பாடுது, நான் ஒரு சுருதியில வாசிக்கிறேன். ரெண்டுல ஒண்ணை நிறுத்துங்க."

ரேடியேட்டர் சூட்டைக் காட்டுற முள்ளும் சிவப்புக்கு ஏறிட்டு இருந்துச்சு. பிரபுவோட ஃப்ரெண்ட்ஸ் பத்து பேரு பின்னாடி ஆடிக்கிட்டு வந்தானுங்க. "எஞ்சினை ஆஃப் பண்ணுங்கண்ணே, நாங்க தள்ளுறோம்!"னு கத்தினானுங்க.

நானும் பண்ணேன். வாசல்ல நின்னு பாடம் நடத்தின அதே நான்தாங்க!

மொதல் ரெண்டு தடவை பிரேக் நல்லாவே புடிச்சுது. பூஸ்டர்ல மிச்சம் இருந்த பலம் அது. மூணாவது தடவை மிதிச்சா, பெடல் கருங்கல்லு. ரெண்டு காலையும் வச்சு மிதிச்சேன். சீட்டுதான் பின்னாடி போச்சே ஒழிய பெடல் போவல.

ஹேண்ட் பிரேக்? அது நான் கார் வாங்கறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு.

பின்னாடி இருந்த பத்து பேருக்கு இது எதுவும் தெரியாது. வண்டி லேசா கனத்ததும், "தூக்கு மச்சான்!"னு இன்னும் பலமா தள்ளுறானுங்க. "போதும்டா! போதும்டா!"ன்னு கத்துறேன். தவில் சத்தத்துல எனக்கே கேக்கல.

பம்பர் நாதஸ்வரக்காரர் முழங்காலைத் தொட்டுச்சு. திரும்பி மொறைச்சாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரு நடையைக் கூட்டினாரு. நடையோட வாசிப்பும் வேகமாச்சு. தவில்காரருக்கு குஷியாயிடுச்சு போல, அவரும் விரட்டி அடிக்கிறாரு. அந்த அடியைக் கேட்ட பசங்களுக்கு வெறியே வந்துடுச்சு. சிதம்பரத்துல அப்புடி ஓடின மாப்பிள்ளை அழைப்பை யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

பிரபு கேக்குறான், "மச்சான், ஏன் இவ்ளோ அவசரம்?"

"நல்ல நேரம் முடியுதுடா"ன்னேன்.

மண்டப வாசல் வந்துடுச்சு. வாசல்ல ஆரத்தித் தட்டோட ரெண்டு பொம்பளைங்க. மேளக்காரங்க ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிட்டாங்க. நெஜமாவே பயந்துட்டேன். காரும் வேணாம், ஒண்ணும் வேணாம், யாருக்கும் ஒண்ணும் ஆவாம இருந்தாப் போதும்னு பிள்ளையார்கிட்ட கெஞ்சினேன். கையும் காலும் தானா சாவியைத் திருப்பி, செகண்ட் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டுச்சு.

தள்ளுற வண்டியில கியர் போட்டா என்ன ஆவும்? ஸ்டார்ட் ஆவும். ஆச்சு! எஞ்சின் உறும, பூஸ்டருக்கு உசுரு வந்துச்சு. என் காலு ரெண்டும் திரும்ப பிரேக் மேல இருந்துச்சு.

நின்னுச்சு பாருங்க. ஆரத்தித் தட்டுக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு ஜாண்.

பத்து பேரும் டிக்கி மேல குப்புற. பிரபு நெத்தியில இருந்த சந்தனம் முன் கண்ணாடிக்கு மாறியிருந்துச்சு. பொண்ணோட அப்பா, இன்னும் நேரம் இருக்குன்னு நம்பி, சமையக்கட்டுலேர்ந்து பனியனோட கரண்டியும் கையுமா ஓடியாந்தாரு. சுகந்தி தூரத்துலேர்ந்து என்னைப் பாத்த பார்வையில கார் போயிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

அப்பதான் ஒருத்தரு வந்து என் கையைப் புடிச்சாரு. பொண்ணோட சித்தப்பா. காட்டுமன்னார்கோயில்ல ரைஸ் மில் வச்சிருக்கறவரு. வண்டி ஓடி வந்ததை அவரு பாக்கல. நின்னதை மட்டும்தான் பாத்திருக்காரு.

"என்னா பிரேக்குங்க! பழைய வண்டியில இப்புடி ஒரு பிரேக்கா!"

மாமனார் மூஞ்சி தெளிஞ்சுது. சுகந்தியே லேசா சிரிச்சா. மானம் தப்பிச்சுது, கார் தப்பிச்சுது!

அதோட நான் வாயை மூடியிருக்கணும். ராத்திரி பந்தியில சித்தப்பா பக்கத்துல உக்காந்து பூஸ்டர், சிலிண்டர், ஓஸ்னு ஒண்ணு விடாம சொன்னேன். இதுமாதிரி வண்டி ஜில்லாவுலயே கெடையாதுன்னேன். அவரு இட்லியைக் கூட மறந்துட்டுக் கேட்டாரு.

காலையில தாலி கட்டினதும் மாமனார் என்னை ஓரமா கூப்பிட்டாரு. பின்னாடியே சித்தப்பா வெக்கத்தோட நிக்கிறாரு.

"மாப்ள, சித்தப்பாவுக்கு உங்க கார் மேல ஆசை வந்துடுச்சு. நல்ல வெலை குடுக்கறேங்கறாரு. சம்பந்தி வீட்ல மொத மொதல்ல வாய் தொறந்து ஒண்ணு கேக்குறாங்க..."

காப்பாத்துவான்னு சுகந்தியைப் பாத்தேன்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? சாவியைக் குடுங்க"ன்னா.

குடுத்தேன். சந்தனம் ஒட்டின கண்ணாடியோட அது தெருமுனை திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க, பாயசம் மட்டும் குடிச்சேன்.

சாயங்காலம் கடலூருக்கு பஸ். நின்னுக்கிட்டு வரோம். புதுச்சத்திரம் தாண்டினதும் டிரைவர் போட்டாரு ஒரு பிரேக். மொத்த பஸ்ஸும் முன்னாடி சாஞ்சுது.

சுகந்தி மெதுவா திரும்பி என்னைப் பாத்தா.

"நான் இல்ல"ன்னேன்.