கறுப்புக் கண்ணாடிக் கல்யாணம்

காலை ஐந்தரை மணிக்குக் கோவிந்தராஜுக்கு வலது கண் திறக்கவில்லை. பீளை ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி பொன்னியம்மா வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து இமையைப் பிரித்தாள். உள்ளே மிளகாய்ப்பழச் சிவப்பு.

"மெட்ராஸ் ஐ! ஊரு பூரா கீதுன்னாங்க, நம்ம ஊட்டுக்கும் வந்துச்சு பாரு. யோவ், இன்னிக்கு எங்கியும் போவாத. நாலு பேரு கூடுற எடம்."

"நான் போவாம கல்யாணத்துக்கு யாரு போட்டோ எடுப்பாங்க? உங்க நைனாவா?"

அம்பத்தூரில் கோவிந்தராஜ் நடத்திவந்த ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ்தான் பெரும்பாலும் ஓடும். இந்தக் கல்யாணம் அப்படியல்ல. முந்தாநாள் மாப்பிள்ளை வீட்டு நலங்குக்கும் அவன்தான் படம் எடுத்திருந்தான். பெண்ணின் அப்பா அய்யாசாமி, ஆவடியில் தொழிற்சாலை சார்ஜ்மேன். குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், எந்த ஸ்டூடியோவைக் கூப்பிடலாம் என்று அவரைத்தான் கேட்பார்கள். ஆல்பம் நன்றாக அமைந்தால் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கோவிந்தராஜ் கையில். சொதப்பினால் ஆயுசுக்கும் பாஸ்போர்ட் சைஸ்.

"யாரையும் தொட மாட்டேன். கை குடுக்க மாட்டேன். பந்தியில உக்கார மாட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு வேலைய முடிச்சுட்டு வந்துடறேன். போதுமா மே?"

பொன்னியம்மாவுக்குப் போதவில்லை. அவனுக்குப் போதும். தன்னம்பிக்கையை மட்டும் கடவுள் அவனுக்கு அளவு பார்க்காமல் அள்ளிக் கொடுத்திருந்தார்.

மண்டபத்து வாசலில் அய்யாசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாப்பா, மாப்பிள்ளைய விட நீ ஸ்டைலா வந்துகீற?"

"ஃப்ளாஷ் வெளிச்சம்ணே. கண்ணைக் காப்பாத்திக்கணும்ல?"

கண்ணாடியோடு கேமராவுக்குள் பார்த்தால் மணமேடையே மின்சாரம் போன வீடு மாதிரி இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் கண்ணை எவன் பார்க்கப் போகிறான்? நோவு கண்ணைக் கேமராவில் வைத்து அழுத்தினான். தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது.

"பாவம், பொண்ணு வேற ஊட்டுக்குப் போவுதேன்னு போட்டோக்காரனே அழுவுறான் பாரு" என்று பெண்ணின் அத்தை முனியம்மா உருகிப்போய்த் தேற்ற வந்தாள். வந்தவள் கண்ணைப் பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ, மெட்ராஸ் ஐ! யாரும் அவன் கண்ணைப் பாக்காதீங்க!"

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது ஊரறிந்த விஞ்ஞானம். கோவிந்தராஜ் அடுத்து எடுத்த குரூப் போட்டோவில் பதினான்கு பேரும் சமையற்கட்டைப் பார்த்தார்கள்.

"இங்க பாருங்கம்மா! என் கண்ணுக்கும் உங்களுக்கும் நடுவுல இம்மாம் பெரிய லென்ஸு கீது. அத்தத் தாண்டி நோவு வராது!"

முனியம்மா விடவில்லை. "லென்ஸு சின்னத்தப் பெருசாக் காட்டுறதுதானே? அப்ப நோவும் பெருசால்ல வரும்?"

முன்வரிசை நாற்காலிகள் மளமளவென்று காலியாயின.

கோவிந்தராஜ் அசரவில்லை. "சரி, எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. நான் மூணு சொன்னதும் ஒரே ஒரு செகண்டு தொறந்தா போதும். அந்த நேரத்துல எந்த நோவும் பூராது." மூன்று சொன்னான். முதலில் பக்கத்து ஆள் திறக்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். ஃப்ளாஷ் அடித்து ஓய்ந்தது. மொத்தக் குடும்பமும் தூங்குகிற மாதிரி ஒரு படம் கிடைத்தது.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. வாசலுக்கு ஓடினான். ஸ்டேஷன் பக்கம் கூலிங் கிளாஸ் விற்கும் அன்வர் பாஷா, கண் நோவு சீசன் என்பதால் பெட்டி நிறையச் சரக்கோடு போய்க்கொண்டிருந்தார்.

"பாய், பெட்டியோட உள்ள வாங்க!"

"இன்னா நைனா, கல்யாணத்துல எனக்கு இன்னா வேலை?"

"நீங்கதான் பாய் இந்தக் கல்யாணத்தையே நடத்திவைக்கணும்."

கறுப்புக் கண்ணாடி போட்டால் நோவு உள்ளே புகாது என்று கோவிந்தராஜ் அடித்துச் சொன்னான். மாப்பிள்ளைதான் முதலில் கையை நீட்டினார். அவர் போட்டதும் மணப்பெண் போட்டாள். அப்புறம் அய்யாசாமி, முனியம்மா, நாதஸ்வரக்காரர் என்று மண்டபமே போட்டது. கடைசியில் ஐயரும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"கெட்டி மேளம்!"

மாப்பிள்ளை தாலியை ஒரு சாண் தள்ளி, முனியம்மாவின் கழுத்துக்கு நேரே கொண்டுபோனார். முனியம்மா அலறினாள். பின்னால் நின்ற மாப்பிள்ளையின் தங்கை, அண்ணன் கையைப் பிடித்துச் சரியான கழுத்துக்கு இழுத்து வந்து மூன்றாவது முடிச்சைப் போட்டாள். அட்சதை முக்கால்வாசி ஐயர் தலையில் விழுந்தது. கோவிந்தராஜுக்கு அதெல்லாம் பொருட்டாகவே இல்லை. ஒருவர் விடாமல் கேமராவை நேருக்கு நேராகப் பார்த்தார்களே! ரோல் தீரும்வரை எடுத்துத் தள்ளினான்.

பத்தாம் நாள், கண் தெளிந்து, ஆல்பத்தோடு குவார்ட்டர்ஸுக்குப் போனான். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை உள்ளே படுத்திருந்தார். அவருடைய தங்கை கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

அய்யாசாமி ஆல்பத்தைப் புரட்டப் புரட்ட அவர் முகம் கறுத்தது. "இது கல்யாணமா, சி.ஐ.டி. மீட்டிங்கா? இதுல என் பொண்ணு யாருய்யா?"

"இடமிருந்து மூணாவது கண்ணாடிண்ணே."

"வாய மூடு! கல்யாணத்துக்கு மறுநாளே என் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் செவந்துடுச்சு. நீ ஒட்டவச்ச நோவு! இனிமே இந்த குவார்ட்டர்ஸ் பக்கம் வந்தே, கேமராவ ஒடச்சிடுவேன்."

கோவிந்தராஜுக்கு உயிரே போனது. பிழைப்பும் போச்சு, மானமும் போச்சு. இருந்தாலும் கடைசியாக நிமிர்ந்து நின்றான்.

"அண்ணே, நான் ஒருத்தரையும் தொடல. பச்சத் தண்ணி கூடக் குடிக்கல. கேமரா வழியா கண்ணு நோவு வரவே வராதுண்ணே, இது சத்தியம்!"

மாப்பிள்ளையின் தங்கை கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தாள்.

"அவரத் திட்டாதீங்க மாமா, ஆனா கேமராவுல நோவு வரத்தான் செய்யும், நலங்கு அன்னிக்கு இவரு படம் எடுக்க வந்தப்போ, 'எப்டித் தெரியுதுன்னு பாக்கறேன்'னு கேமராவ வாங்கிச் செவந்த கண்ணை ஒட்டவச்சுக்கினு நின்னதே எங்க அண்ணன்தான்!"