தண்ணீர் இல்லாத இடம்

அந்த வெள்ளிக்கிழமை நிலாவெளியில் ஒரு வலையும் கடலைத் தொடவில்லை. மீன்களுக்கு நல்ல நாள். ஊர் முழுவதும் கடற்கரை வீதிக்கு மேற்கே உள்ள மடுவைச் சுற்றி நின்றது. வீதியால் போன பஸ்ஸிலிருந்தும் சிலர் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். எங்கே போகப் புறப்பட்டோம் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. கங்கைச் சாமி வருகிறார் என்றால் பிணவீட்டுக்குப் போகிறவனும் இறங்கத்தான் செய்வான்.

பூமிக்கடியில் ஓடும் ஆறுகளைத் தேங்காயால் கண்டுபிடிக்கிறவர் கங்கைச் சாமி. அவருக்கு என்ன தகுதி என்று ஒருவரும் கேட்கவில்லை. காவி வேட்டி இருந்தது. நெஞ்சு வரை தாடி இருந்தது. முகநூலில் பெரிய கூட்டம் இருந்தது. அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்னதான் தகுதி வேண்டும்? கஜீபன் என்ற பெயரில் கைபேசிக்கு உறை விற்றுக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவர் கனவில் கங்கை வந்தாளாம். அவளுக்கு வடநாட்டில் வேலை குறைவாக இருந்திருக்க வேண்டும்.

வித்தை எளிமையானது. உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு சாமி காணிக்குள் நடப்பார். கண் செருகும். கை நடுங்கும். ஓரிடத்தில் தேங்காய் குடுமியோடு எழுந்து நிற்கும். அந்த இடத்தில் துளையிட வேண்டும். துளையிடும் லொறிக்கும் அலையத் தேவையில்லை. சாமி தேங்காயைக் கீழே வைப்பதற்குள் லதீசன் என்பவனுடைய லொறி வீதி முனையில் உறுமும். அவ்வளவு கருணை.

தோண்டிய இடமெல்லாம் தண்ணீர் வந்தது. ஒரு காணியும் பொய்க்கவில்லை. இதைத்தான் சனம் வாய் பிளந்து சொல்லிக்கொண்டு திரிந்தது. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த சனம் அது. கையால் மணலை வாரித் தோண்டிய குழியைப் பூவல் என்று சொல்லி, அதில் ஊறுகிற தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்த சனம். நண்டு பிடிக்கக் குழி தோண்டும் பிள்ளைகளின் காலடியில்கூட அங்கே தண்ணீர் வரும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் தேங்காயைத் தூக்கிக்கொண்டு வந்து, இங்கே தண்ணீர் இருக்கிறது என்றான். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மடுவின் கரையில், நடுநாயகமாகப் போட்ட கதிரையில் சிவபாதம் சம்மாட்டி உட்கார்ந்திருந்தார். மூன்று கரைவலைகளுக்குச் சொந்தக்காரர். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவர். முதுகு கதிரையில் சாயாது. பேச்சு ஒருமுறைதான், திரும்பச் சொல்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. மடுக் காணியும் அவருடைய பரம்பரைக் காணி. மாரியில் மழைத்தண்ணீர் தேங்கி, மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கும் பள்ளம் அது; கோடையில் வெறும் மணல். ஊர்ப் பூவல்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் இருந்தன.

இரண்டு பேர் அந்தக் காணியைக் கேட்டிருந்தார்கள். ஒன்று பல்கலைக்கழகம். கரையோரத்தில் மழைநீரைச் சேமித்து வறட்சியைத் தாங்குவது எப்படி என்று அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மடுவைத் தூர்வாரி, சுற்றி வரம்பு கட்டி, மாரி மழை முழுவதையும் நிலத்துக்குள் இறக்க வேண்டும்; பள்ளிக்கூடக் கூரையிலிருந்து ஓடுகிற மழைத்தண்ணீரைத் தொட்டி கட்டிப் பிடிக்க வேண்டும் என்றார்கள். மற்றவர் கங்கைச் சாமி. மடு செத்த மடு; அதைக் கிரவல் மண்ணால் மூடி, நடுவில் ஆழத் துளையிட்டால் புதைந்து கிடக்கும் ஆறு எழும்பும் என்றார். இதில் எது நம்பத் தக்கது? கூரையில் விழும் மழையைச் சேர்ப்பதில் என்ன அதிசயம் இருக்கிறது? சனம் ஆற்றைத் தேர்ந்தெடுத்தது. கங்கைக் காணிக்கை என்று பித்தளை அண்டா ஒன்று கைமாறி வர, பெண்கள் காப்பையும் மூக்குத்தியையும் கழற்றிப் போட்டார்கள். சம்மாட்டி தலையசைத்தால் மடு மூடப்படும். அதற்குத்தான் அந்தக் கதிரை.

சம்மாட்டியின் தலை இலேசில் அசைவதாக இல்லை. அதற்குக் காரணம் அவருடைய வீட்டுக் குசினியில் இருந்தது.

ஊரில் முதன்முதலாகச் சாமியைக் கூப்பிட்டது அவர்தான். அவருடைய முற்றத்தில்தான் தேங்காய் முதலில் எழுந்து நின்றது. பெரிய வீட்டிலேயே துளையிட்டுவிட்டார்கள் என்றதும் ஊர் பின்னால் ஓடியது. ஆரம்பத்தில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டுபோல இருந்தது. கோடை துவங்கியதும் நாக்கில் கரித்தது. பிறகு கடலையே வாளியில் இறைத்த மாதிரி இருந்தது. சோறு வேகவில்லை. சவர்க்காரம் நுரைக்கவில்லை. தென்னை மடல் தொங்கியது. சம்மாட்டி வெளியே ஒரு சொல் விடவில்லை. தங்கள் வீட்டுக் கிணறு உப்பு என்று அந்தக் குடும்பத்தில் எவன் சொல்லியிருக்கிறான்? மனைவி இரத்தினேஸ்வரி ஊர் எழும்ப முன்னம் மடுப் பக்கத்துப் பூவலில் அள்ளி, குடத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தவர்கள், சாமி காட்டின தண்ணியின் ருசியே தனி என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். சம்மாட்டி மீசையைத் தடவிக்கொண்டார்.

மகள் லக்சாயினி அந்தப் பல்கலைக்கழக ஆராய்ச்சியில்தான் இருந்தாள். உப்பை அளக்கிற கருவியோடு அவள் வீடு வீடாகப் போனபோது, சாமி காட்டிய கிணற்றை மட்டும் ஒருவரும் தொடவிடவில்லை. எங்கள் தண்ணீரில் சந்தேகமா என்று முகத்தைத் திருப்பினார்கள். தகப்பனும் விடவில்லை.

அந்த வெள்ளிக்கு முதல்நாள் குசினியில் அவள் பொறுமை இழந்தாள்.

"அப்பா, மழைத்தண்ணிதான் மணலுக்குள்ள உப்புத்தண்ணிக்கு மேல எண்ணெய் மாதிரி மிதக்குது. மேலால அள்ளினா நல்ல தண்ணி. ஆழத் துளைச்சு இறைச்சா உப்பு ஏறி வரும். மடுவையும் மூடினா மேல மிதக்கவும் ஒண்டும் இருக்காது. பூவலெல்லாம் போயிடும்."

"சாமி காட்டின இடத்தில தண்ணி வந்ததுதானே?"

"எந்த இடத்தில வராது? தண்ணி இருக்கிற இடத்தைக் காட்டச் சொல்லி ஏன் கேக்கிறியள்? இல்லாத இடத்தை ஒருக்காக் காட்டச் சொல்லுங்கோ. அதைத் தோண்டிப் பாப்பம்."

"ஊருக்கு முன்னால என்னைக் கோமாளி ஆக்கப் பாக்கிறாய்."

"நான் ஆக்கத் தேவையில்லை. இந்தத் தேத்தண்ணி பூவல் தண்ணியிலதானே வச்சது?"

சம்மாட்டி கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனால் அந்தக் கேள்வி அவரோடு எழுந்து வந்தது. அதற்குக் காரணம் மகளின் படிப்பல்ல, அவருடைய தொழில். கரைவலைக்கு மீன் பார்த்துச் சொல்கிறவன், வலையை வளை என்று மட்டும் சொன்னால் போதாது. வளைக்காதே என்றும் சொல்லத் தெரிய வேண்டும். கடலின் எந்தப் பக்கம் பார்த்தாலும் மீன் தெரிகிறது என்பவனைச் சம்மாட்டி வாழ்நாளில் கரையில் வைத்திருந்ததில்லை. தன் முற்றத்தில் மட்டும் அப்படி ஒருவனை எப்படி வைத்தார்? அந்த நினைப்பு அவரைச் சுட்டது.

சாமி வந்து இறங்கினார். மேளம் முழங்கியது. ஒரு பாட்டி சாமியின் வாகனத்தின் சில்லைத் தொட்டுக் கும்பிட்டாள். தேங்காய் மடுவின் நடுவில், நிற்க வேண்டிய இடத்தில், நின்றது. சங்கச் செயலாளர் இராசையா, தலைவரின் நிழல்போல வாழ்கிற மனிதர், ஒலிவாங்கியை நீட்டினார்.

"தலைவர் ஒரு சொல்லுச் சொன்னா லொறியை இறக்கலாம்."

சிவபாதம் எழுந்தார்.

"சாமி, ஒரு சின்ன விசயம். தண்ணி இருக்கிற இடத்தைக் காட்டியாச்சு. இனி இந்த மடுக் காணிக்குள்ளேயே தண்ணி இல்லாத இடம் ஒண்டைக் காட்டுங்கோ."

சாமி சிரித்தார். அருள் நிறைந்த சிரிப்புத்தான். ஓரங்களில் கொஞ்சம் காய்ந்திருந்தது.

"இல்லை எண்ட சொல் கங்கையின்ர வாயில வராது, ஐயா."

"உங்கட வாயில வந்தாப் போதும்."

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அதுதான் சாமியைக் கெடுத்தது. பக்தர்களுக்கு முன்னால் வாயடைத்து நிற்க முடியாது. தேங்காயை ஏந்திக்கொண்டு நடந்தார். நடுவிலிருந்து விலகி, வேலியோரத்தில் புல்லும் முளைக்காத வெளிறிய மணல் திட்டில் போய் நின்றார். தேங்காய் செத்த எலிபோலக் கிடந்தது.

"இந்த இடம் பாழ். இதுக்குக் கீழ ஒரு சொட்டு இல்லை. பாதாளம் வரைக்கும் காய்ஞ்ச பூமி."

சம்மாட்டி தன் வலைக்காரர் இருவரைப் பார்த்தார். அவர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். முழங்கால் ஆழத்தில் மணல் கறுத்தது. இடுப்பளவில் ஈரம் மினுங்கியது. இன்னும் கொஞ்சம் வாரினார்கள். பாதாளம் வரை காய்ந்த பூமி, குழியின் நான்கு பக்கத்தாலும் சலசலவென்று ஊறியது. லக்சாயினி கருவியை வெளியே எடுக்கவில்லை. சிரட்டையால் அள்ளி முன்வரிசைப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் குடித்தாள்.

"நல்ல தண்ணி."

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும், மூளை உள்ள ஊர் என்றால். சாமி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். பாழ் நிலம்தான்; தன் பாதம் பட்டதும் கங்கை மனமிரங்கி வந்துவிட்டாள் என்றார். கூட்டம் ஒரு கணம் யோசித்தது. யோசித்த களைப்புத் தாங்காமல் அரோகரா என்று கூவியது. சற்று முன் சிரித்தவனும் கும்பிட்டான். ஒலிவாங்கியைப் பிடித்த இராசையாவின் கண்ணில் நீர் வடிந்தது. தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தால் சாமி சொன்னது பலித்தது. இல்லை என்று சொன்ன இடத்தில் வந்தால் சாமியே தண்ணீரைக் கொண்டுவந்தார். இப்படிப்பட்ட சனத்திடம் பிழைக்கத் தெரியாதவன்தான் மூடன்.

லதீசன் லொறியை உயிர்ப்பித்தான். மகள் தகப்பனைப் பார்த்தாள். சொல்வதற்கு இனி அவளிடம் எதுவும் இல்லை, அவரிடம்தான் இருந்தது.

சிவபாதம் சம்மாட்டி வாழ்க்கையில் யாருக்கும் தலை குனிந்ததில்லை. இப்போதும் குனியவில்லை. நிமிர்ந்தபடியே மனைவியைக் கூப்பிட்டார்.

"ரத்தினம், வீட்டுக் குழாய்த் தண்ணி ஒரு செம்பு கொண்டா. பூவல் தண்ணி இல்லை. முத்தத்துக் குழாயில பிடிச்சது."

இரத்தினேஸ்வரி அவரை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். பிறகு ஏறக்குறைய ஓடினாள். வீடு வீதிக்கு அந்தப் பக்கம்தான். செம்பு வந்தது. சம்மாட்டி அதை இரண்டு கையாலும் மரியாதையாகச் சாமியிடம் நீட்டினார்.

"நீங்கள் தந்த கங்கை. வெயிலுக்க நிக்கிறியள். குடியுங்கோ."

அத்தனை கைபேசிகளும் சாமியின் முகத்துக்குத் திரும்பின. மறுக்க வழியில்லை. சாமி வாய் நிறைய ஊற்றினார். விழுங்கப் பார்த்தார். தொண்டை சாமிக்குக் கட்டுப்பட்டது அல்ல, கஜீபனுக்குச் சொந்தமானது, அது மறுத்துவிட்டது. காவி வேட்டியிலும் தாடியிலும் கங்கை வழிந்தாள்.

"என்ர வீட்டுக் கிணறு உப்பு" என்றார் சம்மாட்டி. "கோடை துவங்கினதில இருந்து உப்பு. உங்களுக்கெல்லாம் நான் பூவல் தண்ணியில தேத்தண்ணி தந்தனான். மானம் போகும் எண்டு மறைச்சனான். இப்ப போகட்டும்."

தன் குடும்பத்தின் பெயர் அந்த மணலில் விழுந்து உடைவதைக் கேட்கத் தயாராக அவர் நின்றார். அந்தச் சத்தம் வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது. இராசையா ஒலிவாங்கியில் தொண்டையைக் கனைத்தார்.

"தலைவர், எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்."

சம்மாட்டி திரும்பினார். இராசையாவின் மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள், தங்கள் வீட்டிலும் உப்புத்தான் என்றாள். அதற்கு அடுத்தவளும் சொன்னாள். பிறகு வரிசையாகக் கொட்டிற்று. விடியப்புறத்தில் மடுவடியில் ஒருவரையொருவர் கண்டபோதெல்லாம் குடத்தை மூடிக்கொண்டு, ஆட்டுக்குத் தண்ணீர் அள்ள வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த ஊரில் மொத்தம் எத்தனை ஆடு இருக்கிறது என்று ஒருத்தியும் எண்ணிப் பார்த்ததில்லை. உப்பாகிப்போன கிணற்றுக்காரர் அத்தனை பேரும், அடுத்த வீட்டுக் கிணறு இனிக்கிறது என்று நம்பி, தம் கிணற்றையும் இனிக்கிறது என்று சொல்லி, சாமியைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். சாமி தூக்கி நிறுத்தியது தேங்காயை மட்டும்தான். மற்றதையெல்லாம் மானம் நிறுத்தியது.

சனம் சாமியைத் திரும்பிப் பார்த்தபோது அவர் ஏற்கெனவே வேலியைத் தாண்டியிருந்தார். லதீசன் லொறிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கத்தினான்.

"அத்தான், ஏறுங்கோ கெதியா. அக்கா அப்பவே சொன்னவ, இந்த ஊர் வேண்டாம் எண்டு."

குடும்பத் தொழில் என்பது அப்போதுதான் ஊருக்கு விளங்கிற்று. லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பித்தளை அண்டா மணலில் மிஞ்சியது. பெண்கள் தங்கள் தங்கள் காப்பைப் பொறுக்கிக்கொண்டார்கள். ஒருத்தியும் மற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சம்மாட்டி மகளிடம் திரும்பினார்.

"அந்தக் கருவியைக் கொண்டு முதல்ல நம்மட வீட்டுக் கிணத்துக்கு வா. பிறகு மற்ற வீடுகள். மடுவுக்கு வரம்பு எந்தப் பக்கத்தால துவங்க வேணும்?"

"கிழக்கால, அப்பா."

"ஓம். நாளைக்கு வலைக்காரரை அனுப்புறன்."

அவருடைய முதுகு அப்போதும் வளையவில்லை. உண்மையைச் சொன்ன பிறகு அது இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருந்ததாகவே பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கங்கைச் சாமி இப்போது வெருகல் பக்கம் போயிருக்கிறாராம். ஆற்றங்கரையிலேயே தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுக்கிறாராம். நல்ல கூட்டமாம். உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதைப் பார்க்கத் திரளுகிற பெருமக்களே, கழுத்துக்கு மேலே நீங்கள் ஒவ்வொருவரும் சுமந்து திரிகிறீர்களே ஒன்று, அதுவும் ஒருமுறை எழுந்து நின்றால் என்ன?