அறுபதும் நூற்று நாற்பத்து நான்கும்

இனி இந்த வீட்டில் யாரும் தன்னைத் தோற்கடிக்க முடியாது என்று அவர் அறிவித்தார். யாரும் என்றால் மனைவி. வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். மனைவி வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். சாயங்காலமானால் இருவரும் ஹாலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடுவார்கள். தினமும் அவர் தோற்பார். தினமும் குற்றவாளி பழைய மானிட்டர்தான்.

“வளைவுல காரே தெரியல. ஈரத்துணி பட்ட மை மாதிரி இழுபடுது. இதுல எவன் ஓட்டுவான்?”

“நான் ஓட்டினேனே. அதே மானிட்டர்தானே?”

இந்தக் கேள்வி அவருக்கு நியாயமாகப் படவில்லை. பழையது நொடிக்கு அறுபது படம்தான் காட்டும் என்று, நூற்று நாற்பத்து நான்கு காட்டுகிற புதியதை வாங்கிவந்தார். லேப்டாப்பில் கோடுகள் தெரியவில்லை, பெரிய திரை வேண்டும் என்று மனைவி கேட்டபோதெல்லாம் “பாக்கலாம்” என்றவரும் அவர்தான். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதுவே அவரை உறுத்தியது.

எண்ணெய் தடவின மாதிரி கார் வழுக்கிக்கொண்டு போகிறது என்று ஒரு வாரம் புகழ்ந்தார். புகழ்ந்தபடியே தோற்றார்.

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலீங்க” என்றாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்றது. “ஊர்ல பாதிப் பேர் மூக்குல நான் சொன்ன கண்ணாடிதான் உக்காந்திருக்கு. என்கிட்டயே கண்ணைப் பத்திப் பேசறியா?”

“பேசல. இந்தப் புதுசுலயே அறுபதும் வைக்கலாம். நான் மாத்தி மாத்தி வைக்கிறேன். எது அறுபது, எது மத்ததுன்னு சொல்லுங்க. சரியாச் சொன்னா இது ஹால்லயே இருக்கட்டும். தப்பாச் சொன்னா என் மேஜைக்கு.”

“உன் மேஜையில இடம் ஒதுக்கற வேலையே இல்ல” என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது.

“இப்பப் பாருங்க.”

ஒரு சுற்று ஓட்டினார். உதட்டைப் பிதுக்கினார். “அறுபது. தலை சுத்துது.”

மறுபடி சுவர். மறுபடி மௌஸ்.

“ஆங், இது. கார் கையோட வருது பாரு. நூத்தி நாப்பத்தி நாலு.”

“நிச்சயமா?”

“கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“இதுதாங்க அறுபது.”

செட்டிங்கைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் அறுபதுதான்.

“நீங்க கடைக்குப் போனப்புறம் என் வரைபடத்தை இதுல போட்டுப் பாத்தேன். வாங்கின நாள்லேருந்து அறுபதுலதான் ஓடிக்கிட்டிருக்கு. நாமளா மாத்தினாத்தான் மாறும். நூத்தி நாப்பத்தி நாலை நீங்க முதல்முதலா பாத்ததே இப்பத்தான். தலை சுத்துதுன்னீங்க.”

“தெரிஞ்சப்பவே சொல்றதுக்கென்ன?”

“எண்ணெய் தடவின மாதிரி போகுதுன்னு சந்தோஷமா இருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

அவருக்குக் கோபம் தாங்கவில்லை. செட்டிங்கின் மேல், விற்றவன் மேல், செய்தவன் மேல். “புதுக் கண்ணாடி போட்டா முதல்ல தலை சுத்தத்தான் செய்யும். பழகாத கண்ணு அப்படித்தான். இது விஞ்ஞானம். என் பார்வையில ஒரு குறையும் இல்ல.”

“குறைன்னு நான் சொல்லலீங்க. பழகினது உங்க கண்ணுக்கு, பழகாதது என் மேஜைக்கு. கொஞ்சம் இடது பக்கமாத் தூக்குங்க, சுவத்துல இடிக்கும்.”

கண் எப்படிப் பழகும் என்பதை விளக்கிக்கொண்டே நடந்தவர், அவளுடைய அறை வாசலைத் தாண்டிய பிறகுதான் மானிட்டரைத் தூக்கி வருவது தான் மட்டுமே என்பதைக் கவனித்தார்.