தரை முதலா, அலமாரி முதலா?

முப்பத்து நான்கு ஆண்டு இல்லறத்தில் என் மனைவி என்னிடம் ஒப்படைத்த முதல் முடிவு இது. சமையலறையில் முதலில் தரைக்கு டைல்ஸ் பதிப்பதா, அல்லது அலமாரிகளைப் பொருத்துவதா?

"நீங்களே முடிவு பண்ணுங்க. தூசி எனக்கு ஆகாது. வேலை முடிஞ்சதும் சொல்லுங்க, வரேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அக்காள் வீட்டுக்குப் பேருந்து ஏறினாள். ஒரே வாரத்தில் முடித்து அவளை வரவழைப்பதென்று சூளுரைத்தேன். கேட்க ஆளில்லாததால் சுவரிடம் சூளுரைத்தேன்.

பழைய தரையைப் பெயர்த்தாகிவிட்டது. அடுப்பு கூடத்துக்கு வந்தது. குளிர்சாதனப் பெட்டி என் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தது. சோபாவை ஓரங்கட்டி, டைல்ஸ் பெட்டிகள் இருபத்திரண்டையும் நடுவில் அடுக்கினார்கள். அவற்றின் மேல் அமர்ந்து நாளிதழை உரக்கப் படிப்பேன். நாட்டு நடப்பைக் குறித்துக் கருத்துரைப்பேன். உள்ளேயிருந்து குளிர்சாதனப் பெட்டி 'உம்' கொட்டும். அவள் இருந்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே மறுத்திருப்பாள். மறுப்பவர் இல்லாத கருத்துக்கு உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

காலை பத்து மணிக்குக் கொத்தனார் வருவார். அடுத்த தெருவில் அவருக்கு வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது.

"அலமாரிதான் முதல்ல சார். நான் கண்ணாடி மாதிரி பதிச்சு வெச்சதுக்கப்புறம் அந்தத் தச்சர் வந்து சுத்தியலைக் கீழ போடுவார். அவருக்குக் கையில பிடிப்பே கிடையாது."

"அப்ப அலமாரிக்கு அடியில டைல்ஸ் வேண்டாமா?"

"அடியில யார் சார் பாக்கப் போறா? கரப்பான்பூச்சிக்கு எதுக்கு டைல்ஸ்?"

நியாயமாகப் பட்டது. மாலை நான்கு மணிக்குத் தச்சர் வருவார்.

"டைல்ஸ்தான் முதல்ல சார். அலமாரியை வெச்சுட்டுத் தரையை ஒசத்தினா கீழ் டிராயர் திறக்காது. அம்மா ஒரு கரண்டி எடுக்க அலமாரியையே தூக்கணும்."

"கொத்தனார் வேற மாதிரி சொல்றாரே."

"அவரா? தரை மட்டம் பாக்கற ரசமட்டத்துல முகம் பாத்துத் தலை வாருற ஆளு சார் அவரு."

இதுவும் நியாயமாகவே பட்டது. ஒவ்வொருவரும் வந்து என் தேநீரைக் குடித்தார், மற்றவரைத் திட்டினார், நாளை வருவதாகச் சொல்லிப் போனார். போனபின் கூடத்தில் ஒரு காலி டம்ளரும் நானும் மிஞ்சுவோம். இப்படியே மூன்று வாரம்.

தொலைபேசியில் மனைவியின் குரலுக்குப் பின்னால் எப்போதும் சிரிப்பொலி கேட்கும்.

"என்ன, தரையா அலமாரியா?"

"யோசிச்சுட்டு இருக்கேன்."

"நல்லா யோசிங்க. அவசரமே இல்ல. அக்கா கூப்பிடறா, வெச்சிடறேன்."

நான்காம் வாரம் சூழ்ச்சியில் இறங்கினேன். கொத்தனாரின் பலவீனம் தற்பெருமை. எனக்கும் அதே நோய் என்பதால் மருந்து தெரியும்.

"கொத்தனாரே, நேத்து தச்சர் தோல்வியை ஒத்துக்கிட்டார். 'கொத்தனார் சொல்றதுதான் சரி, அவர் கைக்கு முன்னால நான் யாரு'ன்னு கண் கலங்கிட்டார். ஆனா அவருக்கு மரம் வர லேட்டாகுமாம். நீங்க பெரிய மனசு பண்ணி இன்னிக்கே டைல்ஸை ஆரம்பிச்சிடுங்க."

கொத்தனார் தேநீரைக் கீழே வைத்தார்.

"அவரா அப்படிச் சொன்னார்?"

"சத்தியமா."

"ஒரு நிமிஷம் சார்" என்று வாசலுக்குப் போய்க் கைபேசியில் தாழ்ந்த குரலில் பேசினார். வீட்டில் வேறு பேச்சரவம் இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் என்னிடம் வந்து சேர்ந்தது.

"அம்மா, சார் பொய்ச் சத்தியம் பண்ற அளவுக்கு வந்துட்டாரு. இன்னும் எத்தனை நாள் இழுக்கணும்? தச்சரும் கேக்கறாரு."

கைபேசியை வாங்கினேன்.

"எல்லாம் உன் வேலைதானா?"

"ஆமா" என்றாள், சற்றும் பதறாமல். "முப்பத்து நாலு வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் லீவு. நீங்க சட்டுனு முடிச்சுட்டா நான் சட்டுனு வரணுமே."

சினந்து பேச வாயெடுத்தேன். வேறொன்று வெளியே வந்தது.

"இங்க பேசறதுக்கு ஒரு ஆள் இல்ல."



"தெரியும். அதனாலதான் காலைல ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர்னு ஏற்பாடு பண்ணிட்டு வந்தேன்."

டைல்ஸ் பெட்டியின் மேல் போய் அமர்ந்தேன்.

"சரி, கொத்தனார்கிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். அவர் மூன்று முறை "சரிங்கம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முடிவாயிடுச்சு சார். டைல்ஸ்தான் முதல்ல. அடுத்த மாசம்."