டேப்பின் மறுமுனையைப் பிடித்தவளுக்கு

அன்புள்ள என் கொழுந்தனாரின் மனைவிக்கு,

இங்கு நான் நலம். அங்கு உன் நலமும், உன் வீட்டுக்காரருடைய ரத்த அழுத்தத்தின் நலமும் அறிய விருப்பம். கோபமாக எழுதும் கடிதத்தில்தான் நலம் விசாரிப்பு இரண்டு வரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பார், கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர். ஆகவே உன் பேத்தியின் பல்வலியையும் உன் தையல் மெஷினின் பெல்ட்டையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

முதலில் ஒரு திருத்தம். நான் கோட்டையில் மயங்கி விழுந்ததாகவும், நான்கு பேர் என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கியதாகவும் நம் குடும்பத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் விழவில்லை. உட்கார்ந்தேன். உட்காரும் முன் கைக்குட்டையை விரித்தேன். மயங்கி விழுகிறவள் எவளும் கைக்குட்டை விரிப்பதில்லை. தூக்கியவர்கள் இரண்டே பேர், அதுவும் மூன்றாம் வாசலிலிருந்து இரண்டாம் வாசல் வரை மட்டும், அங்கே படிகள் உடைந்திருந்ததால். வழிகாட்டியை அடித்தேன் என்பதும் பொய். அவர் கையிலிருந்த கம்பை வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். எண்ணூறு ஆண்டுச் சுவரை அவர் பேச்சுக்குப் பேச்சு கம்பால் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் போன காரணத்தையும் ஒழுங்காக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதையும் மாற்றிச் சொல்கிறார்கள். உன் மூத்தாரும் என் கணவருமானவர் (என் கணவர் என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன்) குடிநீர் அலுவலகத்தில் வரைவாளராக இருந்தபோது, பதினோரு ஆண்டுகள், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தவறாமல் அந்த மலைமேல் ஏறி, கோட்டை முழுவதையும் அளந்து படமாக வரைந்தார். அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் கழித்து இப்போதுதான் கோட்டை அலுவலகத்துக்குப் புத்தி வந்து, அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு முதல் வாசல் அறையில் மாட்டுகிறார்கள். கீழே ஒரு கல். கல்லில் இரண்டு வரிகள். முதல் வரி, 'அளந்து வரைந்தவர்', அதில் அவர் பெயர். இரண்டாம் வரி, 'உதவி', அதற்கு எதிரே வெற்றிடம். அதை நிரப்பி எழுத்து மூலம் அனுப்பும்படி எனக்குக் கடிதம் வந்தது. நான் யாரை நினைப்பேன்? அவருடைய கிறுக்கலையெல்லாம் படித்து, நல்ல கையெழுத்தில் படியெடுத்து, 'சுமார்' என்று அவர் எழுதிய இடத்திலெல்லாம் சுமார் எவ்வளவு என்று கேட்டுத் திருத்தியவள் நான். கல்லில் எப்படி இருக்கும் என்று என் பெயரை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. கையெழுத்துப் போடும் முன் கல் வைக்கும் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

வழிகாட்டி அறுபது வயதுக்காரர், ஒல்லி, தொப்பி போட்டவர். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என் மகனிடம் டேப்பம்மா வரவில்லையா என்று கேட்டார். அவன் இருமினான். டேப்பம்மா யார் என்று நான் கேட்டதற்கு, யாரோ ஆபீஸ்காரர் என்றான். பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்த பிள்ளை, ஆகவே அவனைச் சந்தேகப்பட்டு எனக்குப் பழக்கமில்லை. ஏறினோம். முதல் வாசலில், யானை ஓடி வந்து முட்டாதபடி பாதையைக் கடைசி நேரத்தில் வளைத்திருக்கிறார்கள், மீறி முட்டினால் குத்தும்படி கதவில் முழங்கை நீளத்துக்கு ஆணிகள். சரியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, இந்த வளைவை அளந்தபோது டேப்பம்மாதான் அளவு டேப்பின் அந்த முனையில் நின்றார் என்றார். இரண்டாம் வாசலில் டேப்பம்மா வழுக்கி விழுந்து, எழுந்திருக்காமல் சிரித்த இடத்தைக் காட்டினார். மூன்றாம் வாசலில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் துவாரங்களைக் காட்டுவார் என்று அண்ணாந்து பார்த்தால், மனிதர் கீழே நிழலைக் காட்டி, டேப்பம்மாவின் வீட்டுக்காரர் வழக்கமாகப் படுக்கும் இடம் இது என்றார்.

"நல்லா தடிச்ச ஆளும்மா. இதுக்கு மேல ஒரு படி ஏற மாட்டாரு. செருப்பைத் தலைக்கு வச்சுக்கிட்டுத் தூங்கிருவாரு."

செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கும் மனிதர் எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான், அவரைக் கட்டிக்கொண்டவள் நீ. மீதி நான்கு வாசல்களையும் எங்கும் நிற்காமல் ஏறினேன். கோபத்தில் முட்டி வலிப்பதில்லை என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

உச்சியில் சுனை. அங்கே இருபது பேரைக் கூட்டி வைத்து வழிகாட்டி ஆரம்பித்தார், பதினோரு மாத முற்றுகைக்கும் அசையாத கோட்டையை, மூத்தவள்மேல் பொறாமை கொண்ட இளைய ராணி ஒருத்தி பின்வாசலைத் திறந்து காட்டிக் கொடுத்தாள் என்று. என்னால் பொறுக்க முடியவில்லை. எந்த ராணியும் எந்தக் கதவையும் திறக்கவில்லை, பதினேழேகால் அடி ஆழத்தில் கிழக்குச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, தண்ணீர் அதன் வழியாக ஒழுகிப் போய்விட்டது, உள்ளே இருந்தவர்கள் தாகத்தால் கீழே இறங்கினார்கள், என் கணவர் அளந்து நிரூபித்திருக்கிறார், நானே படியெடுத்திருக்கிறேன் என்று எல்லோர் முன்பும் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றதுதாம்மா சரி. ஆனா வர்றவங்களுக்கு ராணி வேணும். விரிசலுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க." பிறகு சொன்னார்: "அந்தப் பதினேழேகால் அடியை எடுத்ததே டேப்பம்மாதான். சாருக்குக் குனிஞ்சு பார்த்தாலே தலை சுத்தும். அம்மா இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்குவாங்க, சாரு மேல நின்னு எழுதிக்குவாரு. ரெண்டு பேரும் பேசிச் சிரிக்கிறது கீழ் வாசல் வரைக்கும் கேக்கும்."

"சார் சிரிப்பாரா?" என்று கேட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? இந்த மலையில அவரை மாதிரி வாயாடி கிடையாது."

அப்போதுதான் உட்கார்ந்தேன். பக்கத்தில் நிழல் இருந்தது வெடிமருந்து அறையில் மட்டும்தான்; பொருத்தமான இடம் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராம், கேள்விப்பட்டேன். மருமகள் நுழைவுச்சீட்டால் விசிறினாள். யாரோ ஒருவர் என்னைப் படம் பிடித்தார். மகன் பக்கத்தில் குந்தி, "எல்லாருக்கும் தெரியும்மா. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல" என்றான். எல்லோருக்கும் தெரியுமாம். ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும் என்று காவல்காரர் வந்து நின்றார். பதினோரு மாதம் தாக்குப்பிடித்த கோட்டை, பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்றேன்.

தையல் வகுப்புக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று இரண்டாம் சனிக்கிழமை தோறும் உன் இரண்டு பிள்ளைகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாயே, அவர்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் நான். மலைக்காற்றில் பசி அதிகம், இரண்டு ஆள் சாப்பாடு வை என்று அவர் சொன்னதை நம்பிக் கட்டிக் கொடுத்தவள் நான். என் கணவர் மலையேறினால் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார் என்று தெரு முழுக்கப் பெருமையடித்தவளும் நானே. ஒரு கல்யாண வீட்டில் என் சமையலில் உப்பு குறைவு என்று நீ சொன்னபோது, இவள் எப்போது என் வீட்டில் சாப்பிட்டாள் என்று ஒரு வாரம் யோசித்தேன். இப்போது கணக்குச் சரியாகிவிட்டது.

நான் எதையும் தப்பாக நினைப்பதாக நீ கற்பனை செய்துகொள்ளாதே. அவரை எனக்குத் தெரியும், உன்னையும் தெரியும், துணி அளந்து பழகிய கை உனக்கு, டேப்பைத் தொய்யவிட மாட்டாய். என் வயிற்றெரிச்சல் வேறு. கல்யாணமான புதிதில் அவர் என்னை அந்த மலைக்குக் கூட்டிப் போனார். இரண்டாம் வாசலில் என் செருப்பு வார் அறுந்தது. இடிந்த சுவரைப் பார்க்கவா இத்தனை படி என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். பிறகு அவர் கூப்பிடவே இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டிருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் போயிருப்பேன். நீயோ அவர் கூப்பிடாமலே போயிருப்பாய், உன் சுபாவம் அது.

ஆகவே அலுவலகத்துக்குப் பதில் எழுதி உறையை ஒட்டிவிட்டேன். 'உதவி: யாருமில்லை.' கல் திறக்கும் நாளில் நீ வர வேண்டியதில்லை. வந்தாலும் நான் உன்னோடு பேசப் போவதில்லை.

உன் பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் மனமார்ந்த ஆசிகள். உன் வீட்டுக்காரரைக் கழுத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல். உனக்கும் ஆசிகள், வயதில் மூத்தவள் என்ற கடமைக்காக.

இப்படிக்கு,
அவருடைய மனைவி.

பி.கு.: உறையைப் பிரித்துவிட்டேன். யாருமில்லை என்று எழுதினால் அவரே சுனைக்குள் இறங்கினார் என்றாகிவிடும். என் கையெழுத்தில் இதுவரை ஒரு பொய்யும் தபாலில் போனதில்லை. இன்று காலை வேறு கடிதம் அனுப்பினேன். இரண்டாம் வரியில் உன் பெயர், முழுப் பெயர். மூன்றாவதாக, 'படியெடுத்துத் திருத்தியவர்' என்று ஒரு வரி கேட்டிருக்கிறேன். இடம் போதாவிட்டால் உன் வரியைச் சிறிதாக்கலாம் என்றும் குறிப்பிட்டிருக்கிறேன். கல் திறப்புக்கு வா. வந்து என் பக்கத்தில் நில். ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நாற்பத்தொரு ஆண்டுகள் வீட்டில் 'உம்' என்றும் 'சரி' என்றும் மட்டுமே சொன்ன மனிதர் மலைமேல் அப்படி என்ன பேசினார், எதற்குச் சிரித்தார்? என்னைக் கேலி செய்திருந்தால் அதையும் விட்டுவிடாதே. போனில் வேண்டாம். பக்கம் எத்தனை ஆனாலும் சரி, எனக்குப் பதில் எழுதி அனுப்பு.