நீலமுடிக்காரியின் மேல்வரிசைப் பல்

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணியை மீட்டே தீருவது என்று பல்செட்டுக்காரர் முடிவு கட்டினார். கோட்டையை மீட்டவர்கள் உண்டு, கொடியை மீட்டவர்கள் உண்டு. ஏழு மணியை மீட்கக் கிளம்பிய முதல் ஆண்பிள்ளை அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவருக்குத் தொழில் பல். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் வடித்து, இழைத்து, மெருகேற்றிப் பொய்ப்பல் வரிசை செய்து கொடுப்பார். முப்பது வருஷமாக இதே வேலை. அந்த வட்டாரத்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதிச் சிரிப்பு இவருடையது.

வாரம் முழுக்கப் பேசாத பற்களோடு காலம் தள்ளுகிறவருக்கு ஒரே சந்தோஷம், சனிக்கிழமை ஏழு மணி விவாத நிகழ்ச்சி. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாதபடி ஒரு மணி நேரம் கத்துவார்கள். அதைப் பார்த்து முடித்ததும் தன் வீடு எவ்வளவு அமைதியான வீடு என்று அவருக்கு ஒரு நிம்மதி வரும்.

அந்த நிம்மதியில்தான் இடி விழுந்தது.

அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பிள்ளை ஏன் வரவில்லை என்று நானூறு பெற்றோர் சொல்லும் சாக்குகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு பொய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்னார் வீட்டுப் பொய் என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் பாப் பாட்டுப் பித்து பிடித்தது. ஐந்து பெண்கள் சேர்ந்த குழு. சனிக்கிழமை ஏழு மணிக்கு நேரடி மேடை. புகை வரும், விளக்கு சுழலும், டிவி அதிர்ந்த அதிர்வில் சுவரில் குடியிருந்த பல்லி வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

முன்பெல்லாம் மாடியேறிப் போய் மேல்வீட்டம்மாவோடு சேர்ந்து பார்ப்பாள். மேல்வீட்டம்மா மகளோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். பாட்டு கீழே இறங்கிவிட்டது.

"தனியா உட்கார்ந்து பார்த்தா பாட்டு பாதிதாங்க கேட்குது" என்று ஒருநாள் சொன்னாள்.

"மெக்கானிக்கை வரச் சொல்லட்டுமா?" என்றார் அவர்.

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஏழு மணியை மீட்க அவர் போட்ட திட்டம் லேசுப்பட்டதல்ல. தனக்கு எது பிடித்தாலும் மனைவிக்கு அது ஒரே வாரத்தில் கசந்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை. மீன்தொட்டி அப்படித்தான் போனது. காலை நடை அப்படித்தான் நின்றது. அவர் "ஆஹா" என்று சொன்ன குற்றத்துக்காக ஒரு மஞ்சள் சோபா உறை அன்றைக்கே தரை துடைக்கும் துணியானது. ஆகவே, அந்தப் பாட்டு தனக்கு உயிர் என்று நடித்தால் போதும். எட்டாம் நாள் ஏழு மணி தானாக மடியில் வந்து விழும்.

முதல் சனிக்கிழமை அவளுக்கு முன்பே சோபாவில் போய் உட்கார்ந்தார்.

"என்னங்க, விவாதம் இல்லையா?"

"அதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா? நம்ம பொண்ணுங்க பாட்டு இருக்கும்போது?"

அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தாள். மகனுக்கு ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக அம்மை போட்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்த அப்பாவைப் பார்க்கிற பார்வை.

"சரி, அஞ்சு பேர்ல உங்களுக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?"

பாடத்தில் இல்லாத கேள்வி! ஐந்து பேருக்கும் ஒரே உடுப்பு, ஒரே குதிப்பு. முகத்தை வைத்து ஆளைச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. அவரிடம் வருகிற மனிதர்கள் முகத்தை வீட்டில் வைத்துவிட்டு, வாய் மட்டும் அட்டைப்பெட்டியில் வருகிறவர்கள்.

"அதோ, கீழ்வரிசை நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கே, அந்தப் பொண்ணு."

"யாரு?"

"அவளுக்குப் பக்கத்துல கோரைப்பல் தூக்கலா இருக்கே, அதுவும் தேவலை. கடைசில நிக்கிறது கம்பி போட்டு நிமிர்த்தின பல்லு. சின்ன வயசுலயே வீட்டுல அக்கறையாப் பார்த்திருக்காங்க."

"பல்லை விடுங்க, பாட்டு எப்படி இருக்கு?"

"பாட்டா?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாயை நல்லாத் திறக்குறாங்க."

மேல்வீட்டம்மா போன பிறகு முதல் தடவையாக அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பித்து தெளியவில்லை. அடுத்த சனிக்கிழமை சோபாவில் அவர் முதுகுக்கு ஒரு தலையணை வைத்திருந்தாள்.

"இப்பக் கவனிங்க. குரல்ல நாலு பேரும் கீழேயே நிப்பாங்க. நீலமுடிக்காரி மட்டும் தனியா மேல ஏறுவா. வர்றா... வர்றா... வந்துட்டா பார்த்தீங்களா?"

நீலச் சாயம் பூசிய முடிக்காரிதான் குழுவுக்குத் தலைவி. அவள் குரல் மேலே போனபோது சோபாவுக்கு அடியில் யாரோ தாளம் போட்டார்கள். குனிந்து பார்த்தார். தன் கால்தான். சத்தமில்லாமல் மடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

நாலாவது வாரம் ஒரு புதுப்பாட்டு. நீலமுடிக்காரி நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டைப் பாதி மூடி, மெதுவாகப் பாடினாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவங்க. மனசு உடைஞ்சு பாடுறா. வாயே திறக்க முடியல பாருங்க."

"மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மேல்வரிசை, வலது பக்கம், ரெண்டாவது பல்லு. அது மேல மாட்டின உறை, அதான் கேப், ஆடுது."

"காதல் தோத்துப்போய்ப் பாடுறாங்க!"

"காதல் தோத்தா நாக்கு எதுக்கு வரிக்கு வரி அந்தப் பல்லுக்குப் பின்னால போய்த் தாங்கணும்?"

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் பல்லு."

"உனக்கு எதைப் பார்த்தாலும் காதல்."

"முப்பது வருஷமா வீட்டுல பார்க்கல. டிவியிலயாவது பார்த்துக்கிறேன்!"

அவர் பின்னறைக்குப் போய் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லைத் தேவைக்கு மேல் தேய்த்துத் தீர்த்தார்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"அன்னைக்குப் பல்லு ஆடுதுன்னு சொன்னீங்களே. பந்தயம் கட்டலாமா?"

"என்ன பந்தயம்?"

"நீங்க சொன்னது சரியா இருந்தா சனிக்கிழமை ஏழு மணி ஆயுசுக்கும் உங்களது. ரிமோட் உங்க கையில. நான் வாயே திறக்க மாட்டேன். தப்பா இருந்தா ஒரு வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்து முழுப் பாட்டும் கேட்கணும்."

தலைகால் தெரியாத சந்தோஷம் அவருக்கு. பல் விஷயத்தில் தன்னோடு பந்தயமா! "எழுதிக் குடு" என்றார்.

அவளா எழுத மாட்டாள்? தேதி போட்டு, பொருள் என்று தலைப்பிட்டு, நிபந்தனைகளுக்கு எண் கொடுத்து, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, அவருக்கு ஒரு நகல். இவ்வளவு சுறுசுறுப்பாக ஒருத்தி தோற்கத் தயாராகிறாளே என்று அவர் ஒரு கணம் யோசித்திருக்கலாம். ஜெயிக்கப் போகிற ஆணுக்கு யோசனை எங்கே வரும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் நீலமுடிக்காரியின் பேட்டி. "போன வாரம் மேல்பல்லு கேப் ஆடிடுச்சுங்க. எங்கே தெறிச்சு மைக்குல விழுந்துடுமோன்னு பயந்து பயந்து பாடினேன். இப்ப புதுசு போட்டாச்சு. நாளைக்கு வாயைத் திறந்து பாடப் போறேன்!"

பல்செட்டுக்காரர் குதித்த குதியில் வீட்டின் அஸ்திவாரம் அரையடி இறங்கியது. தெரிந்த டாக்டர்களுக்கெல்லாம் போன் போட்டார். "டிவியில பார்த்தே சொன்னேன் டாக்டர். டிவியில!" ஒரு டாக்டர், நோயாளி வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஏழு மணி. மனைவி ரிமோட்டை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். ஒப்பந்தப்படி வாயே திறக்கவில்லை. சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டை மடியில் விரித்துக்கொண்டாள்.

அவர் விவாதத்தைப் போட்டார். அதே நாலு பேர், அதே மேஜை. ஒருவர் கையை ஆட்டினார். இன்னொருவர் காகிதத்தை ஆட்டினார்.

ஐந்து நிமிஷம் ஆனது. புதுப்பல்லை எந்த நிறத்தில் போட்டிருப்பார்கள்? பக்கத்துப் பல்லோடு ஒத்துப் போகாவிட்டால் மேடை விளக்கில் காட்டிக் கொடுத்துவிடுமே?

ஏழு நிமிஷம். அவசரத்தில், கடிக்கும்போது கீழ்ப்பல்லோடு பொருந்துகிற உயரத்தைச் சரி பார்த்தார்களோ என்னவோ? மேலே ஏறுகிற இடத்தில் அந்தப் பெண் பயந்துவிட்டால்?

"பல்லை மட்டும் ஒரு பார்வை பார்த்துட்டு மாத்திடுறேன். தொழில் விஷயம்" என்று பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். பதிவேட்டில் ஒரு பக்கம் திரும்பியது.

மாற்றினார். நீலமுடிக்காரி மேடையின் நடுவில் நின்றிருந்தாள். நாலு பேரும் கீழேயே நிற்க, அவள் குரல் மட்டும் ஏறியது. ஏறிய இடத்தில் வாயைத் திறந்தாள் பாருங்கள், கடைசிக் கடைவாய் வரை தெரிந்தது. அத்தனை வெளிச்சம், அத்தனை பயமில்லாத சந்தோஷம். பல் கச்சிதம். ஆனால் பல்லைப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. கண் ஏனோ கலங்கிப் போயிருந்தது. ரிமோட்டால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா! ஏறிட்டா! பயமே இல்லாம ஏறிட்டா பார்த்தியா!"

"பார்த்தேங்க" என்றாள் மனைவி. பதிவேடு மூடியிருந்தது. சோபாவின் மறுகோடியில் இருந்தவள் எப்போது இந்தக் கோடிக்கு வந்தாள் என்று தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் அவருக்குத் தன் வெற்றி ஞாபகம் வந்தது. "பல் விஷயத்துல என்கிட்ட பந்தயம் கட்டினியே, உனக்கு என்ன தைரியம்?"

"தைரியம் என்ன? திங்கட்கிழமையே நீலமுடிக்காரி ரசிகர்களுக்கு எழுதிப் போட்டிருந்தாளே, கேப் ஆடுது, டாக்டர்கிட்ட போறேன்னு. என் போன்ல பார்த்தேன்."

"அப்ப தெரிஞ்சேவா தோத்தே?"

"நீங்க தோத்திருந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருப்பீங்க. அதுக்கு நான் தனியாவே பார்த்திருப்பேன். ரிமோட் உங்க கையில இருக்கு, விவாதத்துக்கு மாத்திக்குங்க. நான் வாயே திறக்கல."

அவர் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆண்பிள்ளையாக ஒரு பொத்தானை அழுத்தியே ஆக வேண்டிய நேரம். விரலை வைத்தார். அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள்.

அவர் ஏற்கெனவே கூட்டிக்கொண்டிருந்தார்.